தீர்மான நோட்டில் வராத பாடங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களுக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரில், 43 பிள்ளைகள் படிக்கும் ஈராசிரியர் பள்ளியில் நான் தலைமை ஆசிரியை. போன வாரம் பழைய கணக்கு ஒன்றைத் தேடப்போய், எங்கள் குழுவின் தீர்மான நோட்டை 2022-லிருந்து வரிசையாகப் படித்தேன். சுற்றுச்சுவர் ஒன்பது தடவை வந்திருக்கிறது. கழிப்பறைக் கதவு, தண்ணீர் மோட்டார், சமையலறைக் கூரை, வாசலில் தேங்கும் மழைத்தண்ணீர், நாய்த்தொல்லை எல்லாம் வந்திருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் எங்கள் தாய்மார்கள் அலைந்து திரிந்து முடித்தும் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சுவருக்குள்ளே பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. "பாடநூல்கள் பெறப்பட்டன" என்று மட்டும் ஓர் இடத்தில் இருக்கிறது. நோட்டை எழுதியது நான். ஆகவே குறையும் முதலில் என்னுடையது.

குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் இதைச் சொன்னேன். அவரவர் நோட்டும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அதனால்தான் எங்கள் குழுவிடம் மட்டும் பேசாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம்தான் இந்தக் குழுவை உண்டாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் என்று அதில் இருக்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தீட்டுவதும் உங்கள் வேலை என்றும் இருக்கிறது. "மேம்பாடு" என்றதும் நமக்குச் செங்கலும் சிமெண்டும்தான் மனசில் வருகிறது. அதே சட்டம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்கவேண்டும் என்கிறது. பிள்ளைகள் செய்து பார்த்தும் தேடிப் பார்த்தும் கற்கவேண்டும், பயமும் பதற்றமும் இல்லாமல் கற்கவேண்டும் என்கிறது. அந்த 800 மணி நேரமும் உங்கள் பிள்ளைகளுடைய வயசிலிருந்து எடுத்து எங்களிடம் கொடுத்தது. அதில் என்ன செய்கிறோம் என்று நீங்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

காலை உணவு வந்தபிறகு நடப்பதைப் பாருங்கள். சமைப்பது உங்களில் சிலர்தான். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் ஒருவர் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்க்கிறார். "உப்பு ஒறைக்கல, சாம்பார் தண்ணியா இருக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, மறுநாள் சாம்பார் கெட்டியாகிவிடுகிறது. பாடத்தையும் இப்படி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். அதற்கு நீங்கள் எத்தனையாவது வரை படித்திருக்கிறீர்கள் என்பது கணக்கே இல்லை.

முதலில் எங்கள் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடம். மூன்று முதல் ஐந்து வரைக்கும் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து. கூட்டினால் 23 பாடம் வருகிறது. ஆசிரியர் இரண்டு பேர், அறை இரண்டு. நாங்கள் மூன்று வகுப்பை ஒரு அறையிலும் இரண்டு வகுப்பை இன்னொரு அறையிலும் உட்காரவைக்கிறோம். மணி அடித்ததும் ஒரு புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறந்தால் எந்த வகுப்பும் உருப்படாது. ஆகவே பாடங்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் நடத்துகிறோம். இடமும் ஆளும் இல்லாததால் ஆரம்பித்த வழிதான் இது. பிள்ளைகள் இயல்பிலேயே அப்படித்தான் படிக்கிறார்கள் என்று எனக்குப் புரிய நாள் பிடித்தது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டாங்கச்சி கொண்டுவந்தார்கள். அதில் மண் போட்டு, ராத்திரி ஊறவைத்த பாசிப்பயறு நாலைந்து போட்டோம். பாதிக் கொட்டாங்கச்சியை ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். மீதியை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். எது நன்றாக வளரும் என்று கேட்டேன். ஜன்னல்தான் என்று எல்லோரும் கத்தினார்கள். நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் தெளித்து, முளை வந்த நாளிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து எழுதினார்கள். ஆறாம் நாள் அலமாரியைத் திறந்த பெண் திகைத்துப்போய் நின்றாள். "டீச்சர், இருட்டுல இருக்கிறதுதான் ஒசரமா இருக்கு!"

ஆமாம், அதுதான் உயரமாக இருந்தது. ஆனால் வெளிறிப்போய், நூல் மாதிரி மெலிந்து, தலை சாய்ந்து கிடந்தது. ஜன்னலோரத்தில் இருந்தது குட்டையாக, பச்சையாக, விறைப்பாக நின்றது. அப்போது ஆரம்பித்த சண்டை சாப்பாட்டு மணி வரைக்கும் ஓயவில்லை. "நல்லா வளர்றது"ன்னா உயரமா, பலமா? ஒருத்தன் சொன்னான், அது வெளிச்சத்தைத் தேடி ஓடியிருக்கு என்று. நான் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மறுநாள் ஒவ்வொருவரும் ஐந்து வரி எழுதினார்கள். அந்த ஐந்து வரிக்காக "வெளிறிய" என்ற சொல்லை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் ஒருத்தி. அளவுகளைக் கட்டம்போட்டு எழுதி, பட்டை வரைபடம் போட்டார்கள். ஸீட், ரூட், லீஃப் என்று ஆங்கிலச் சொற்களைப் படத்தின் பக்கத்தில் எழுதினார்கள்.

அந்த வாரம் பள்ளியைப் பார்க்க வந்த ஒருவர், "இது என்ன பாடவேளை?" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பாடக்குறிப்பேட்டில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அறிவியல் என்று எழுதினேன். அறிவியல்தான். ஆனால் தமிழில் வாய் திறக்காத பிள்ளை வாய் திறந்ததும் அங்கேதான். ஒன்பதரை சென்டிமீட்டரை எப்படி எழுதுவது என்று கேட்டு, புள்ளி வைத்த எண்ணை ஒரு பெண் முதன்முதலாகப் பார்த்ததும் அங்கேதான்.

அன்று உங்களில் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "பாடம் நடத்தாம மண்ணுல வெளையாட விட்டிருக்காங்க." எங்கள் ஊரிலும் சொன்னார்கள். நீங்கள் படித்த பள்ளியில் பாடம் என்றால் கரும்பலகையும் ஒப்பித்தலும்தான், நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான். அதனால் அந்தப் பேச்சில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த மண்ணுக்குள் என்ன இருந்தது என்று உங்களைக் கூப்பிட்டுக் காட்டாமல் விட்டதில் வருத்தம் உண்டு.

அடுத்தது, எல்லாத் தாய்மார்களும் கேட்கும் கேள்வி. ஒரு ஆகஸ்ட் மாதம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா வந்து நின்றார். "ரெண்டு மாசமாச்சு டீச்சர். இன்னும் அ, ஆ முழுசாச் சொல்ல வரல. எதுத்த வீட்டுப் புள்ள வேன்ல போவுது, ஏ பி சி டி கடேசி வரைக்கும் ஒப்பிக்குது."

நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, பலகையில் ட, ப, ம என்று மூன்றெழுத்தை எழுதினேன். பிறகு படம் என்று எழுதினேன். படித்தான். மடம் என்று எழுதினேன். படித்தான். அவனாகவே சாக்பீஸை வாங்கி, "பட்டம் எழுதவா?" என்று கேட்டு எழுதினான். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க ஒரு நொடி யோசித்தான், வைத்துவிட்டான். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனையையும் வரிசையாக ஒப்பித்து முடித்த பிறகுதான் முதல் சொல்லைப் படிக்கவேண்டும் என்றால் பிள்ளைக்கு வாசிப்பு என்பது எப்போது கிடைக்கும்? மூன்று எழுத்திலேயே சொல் கிடைத்துவிட்டால், மீதி எழுத்துகளைத் தேடி அவனே வருவான். ஒப்பிக்கிற பிள்ளையிடம் நடுவிலிருந்து ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள், அப்போது தெரியும். அந்த அம்மா பேசாமல் நின்றார். பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவர் கேட்டது நியாயம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை "மள பேஞ்சுச்சு" என்று எழுதியிருக்கும், நான் சிவப்பு மையால் அடித்திருக்கமாட்டேன். நம் ஊர்ப் பேச்சில் ழ கிடையாது. வாளப்பளம்தான், கெளவிதான். காதில் கேட்டதை ஒலி பிரித்து எழுத்தாக்கிய பிள்ளை பெரிய வேலை ஒன்றைச் செய்திருக்கிறது. "மழை" என்ற புத்தக உருவத்தை அதற்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறேன். பத்து தடவை கண்ணில் பட்டால் பதினோராவது தடவை தானாக எழுதும். முதல் வரியிலேயே அடித்துவிட்டால் அடுத்த மழையைப் பற்றி அது எழுதவே எழுதாது. மூன்றாம் வகுப்பு முடிந்தும் "மள" என்றே எழுதினால் அப்போது வந்து என்னைக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள்.

கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். எண்கள் மட்டும் இருக்காது. வடிவியல், அமைப்புகள், அளவைகள், காலம், தகவல் செயலாக்கம் என்று தலைப்புகள் இருக்கும். "அமைப்புகள்" நடத்தியபோது ஒரு சிறுமி, "எங்கம்மா கோலத்துக்கு எடப்புள்ளி ஏழு வச்சு நாலுல நிறுத்துவாங்க" என்றாள். தரையில் வைத்தோம். நடுவில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் எத்தனை புள்ளி என்று எண்ணாமல் சொல்லமுடியுமா என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்புப் பையன் 6, 5, 4-ஐக் கூட்டி 15, இரண்டு பக்கம் 30, நடுவில் 7, ஆக 37 என்றான். அவளுடைய அம்மா மார்கழி முழுக்க விடிகாலையில் இதைத்தான் செய்கிறார். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று என்னிடம் சொன்ன அம்மாவும் அவர்தான்.

இவ்வளவும் சொல்கிறேனே, நானும் இதை விட்டுவிட்டு நின்ற காலம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. சின்ன வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. மூன்றாம் வகுப்பு என்று வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பலருக்கு ஒன்றாம் வகுப்புப் பாடமே முழுதாக நடந்ததில்லை. பெயரை எழுதத் தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அறிவியல், சமூக அறிவியல், படம் வரைதல், பாட்டு, எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுத்து, எண், எழுத்து, எண்.

இரண்டு மாதத்தில் கொஞ்சம் பலன் தெரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பையன் பேச்சையே நிறுத்திவிட்டான். பள்ளி மூடியிருந்த அத்தனை மாதமும் தாத்தாவோடு ஆடு மேய்த்தவன். பலகையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் பள்ளிக்குப் பக்கத்துக் கொல்லையில் ஆடு குட்டி போட்டது. பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடினார்கள். அதட்ட வாயெடுத்தவள் ஏனோ நிறுத்திக்கொண்டேன். அவன் மட்டும் வாசலுக்கே போய் நின்று, ஆடு ஏன் குட்டியை நக்குகிறது, குட்டி எவ்வளவு நேரத்தில் எழுந்து நிற்கும், சீம்பாலை எப்போது குடிக்கவிடவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். குட்டி எழுந்து நின்ற நேரம் அவன் சொன்னதுபோலவே இருந்தது. அன்று மத்தியானம் அவன் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதினேன். "ஆடு குட்டி போட்டது. இரண்டு கெடா. ஒரு பொட்டை." அவன் அதைப் பார்த்து எழுதினான். அடுத்த வாரம் பார்க்காமல் எழுதினான்.

எழுத்து வந்தபிறகு அறிவியல் என்று நான் வரிசை போட்டிருந்தேன். அவனுக்கு எழுத்து ஆட்டின் வழியாகத்தான் வரவேண்டியிருந்தது.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் எட்டு வயசுக்குள் பிழையில்லாமல் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது சரியான இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து ஆரம்பிப்பது நல்ல முறை. பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் அதற்குள் இருக்கின்றன. எங்கள் வகுப்பில் கைப்பாவை வந்த நாளிலிருந்து இரண்டு கூச்சப் பிள்ளைகள் பாவையின் குரலில் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் மதிப்பீடு வாசிப்பையும் எண்ணையும் சுற்றி இருக்கும்போது ஆசிரியரின் கவனமும் அங்கேயே குவிந்துவிடும். எது எண்ணப்படுகிறதோ அதுதான் நடக்கும். மற்றதையும் யாராவது எண்ணவேண்டும், கேட்கவேண்டும். மாதம் ஒரு தடவை பள்ளிக்கு வரும் நீங்கள்தான் அதைக் கேட்கமுடியும்.

சமூக அறிவியல்தான் பள்ளியில் ரொம்பவும் அநாதைப் பாடம். கேள்வி-பதிலை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்துக் கடந்துவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் கடந்தேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பள்ளி திறந்தபோது பாடம் நடத்தும் மனநிலையில் யாரும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் தென்னையைப் பற்றியே பேசினார்கள். சரி, எண்ணுவோம் என்றேன். ஆளுக்கொரு தாளில் அவரவர் வீட்டு மரங்கள்: தென்னை, பலா, மா, நிற்பது எத்தனை, சாய்ந்தது எத்தனை, முறிந்தது எத்தனை. தெருத்தெருவாகக் கூட்டினோம். அதுதான் தகவல் செயலாக்கம். அந்தப் பெரிய தாளைப் பார்த்து ஒரு பெண், "எந்தப் பக்கம் காத்து அடிச்சுது டீச்சர்?" என்று கேட்டாள். விழுந்த மரங்கள் கிடந்த திசையை வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நிவாரணத்துக்கு யாரிடம் மனுக் கொடுப்பது என்று கேட்டபோது ஊராட்சி, வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் எல்லாம் பாடத்திலிருந்து எழுந்து ஊருக்குள் வந்தார்கள். ஒரு அப்பா தன் மகன் எழுதிய தாளை வாங்கிப் போய் அதைப் பார்த்துத்தான் விண்ணப்பத்தை நிரப்பினார்.

படமும் பாட்டும் விளையாட்டும் பற்றிச் சொல்ல எனக்கு மனசு கனக்கிறது. 2012-ல் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்கள். அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஐந்து வயசிலிருந்து பத்து வயசு வரைக்கும், கை ஓடத் துடிக்கிற, குரல் கூச்சப்படாத வயசில், அதற்கென்று ஓர் ஆள் இல்லை. நாங்களே பாடவேண்டும், நாங்களே வரையவேண்டும்.

இது எந்த மாவட்டம் என்று யோசித்துப் பாருங்கள். குடுமியான்மலையில் பாறையில் ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள், 7-ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் இசைக் கல்வெட்டு. சித்தன்னவாசல் குடைவரைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளம் இருக்கிறது. ஒரு தடவை வேன் பிடித்து ஐந்தாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் சித்தன்னவாசல் கூட்டிப்போனோம், உங்களைப் போன்ற தாய்மார்கள் நாலு பேர் துணைக்கு வந்தார்கள். நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தும் பிள்ளைகள் வெளியே வரவில்லை. மீன் எங்கே, யானை எங்கே, பூப்பறிக்கிறவர் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். நிறம் பாதி அழிந்திருக்கிறது. "இத வரஞ்சவர் படுத்துக்கிட்டு வரஞ்சாரா?" என்று ஒருவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை, உடன் வந்த ஒரு பையனின் அப்பா கொத்தனார், அவர் சாரம் கட்டி அண்ணாந்து பூசுவது எப்படி என்று செய்து காட்டினார்.

மறுநாள் எங்கள் ஊருணியை வரையச் சொன்னேன். தாமரை கிடையாது எங்கள் ஊருணியில். ஆகாயத்தாமரையும், எருமையும், துணி துவைக்கும் கல்லும், பிளாஸ்டிக் குடமும் வந்தன. ஒருத்தி தண்ணீருக்குள் இருப்பதையும் வெளியே இருப்பதையும் ஒரே படத்தில் வரைந்திருந்தாள், சித்தன்னவாசல் குளத்தில் மீன் தெரிவதுபோல. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தபோது பிடித்துக்கொண்டு வந்தது.

உங்களில் வயதானவர்களுக்கு அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நினைவிருக்கும். 1991-ல் நம் மாவட்டத்தில் ஆரம்பித்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா ஆட்சியராக இருந்தார். கல் உடைக்கிற பெண்களும் களை எடுக்கிற பெண்களும் ராத்திரி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள், பகலில் சைக்கிள் பழகினார்கள். எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தாயின் மாமியார் அப்படிப் படித்தவர். பேத்தியைக் கூப்பிட வந்தவர் பலகையில் இருந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு மொதச் சொல்லே பட்டாதான்" என்றார். நில பட்டா. கூலிக்காரப் பெண்ணுக்கு எது வேண்டுமோ அந்தச் சொல்லிலிருந்து எழுத்து ஆரம்பித்திருக்கிறது. அப்பத்தாவிடம் அன்றைக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தேன். அரை மணி நேரம் பேசினார். எழுத்து வராமல் சைக்கிள் ஓட்டினால் பஸ் போர்டைப் படிக்கமுடியாது, சைக்கிள் வராமல் எழுத்துப் படித்தால் எழுதின மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்கமுடியாது, ரெண்டும் சேர்த்துத்தான் கத்துக்கிட்டோம் என்றார். இருபது வருஷத்துக்கு மேல் பயிற்சிக் கூட்டங்களில் கேட்டதை எல்லாம் எனக்கு அவர் தெளிவாக்கிக் கொடுத்தார்.

இப்போது உங்களிடம் நான் கேட்பவை.

அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவருக்கு முன்னால் பாடத்தை எடுங்கள். இந்த மாதம் அறிவியலில் என்ன செய்தீர்கள், பிள்ளைகள் கையால் செய்தது எங்கே, காட்டுங்கள் என்று கேளுங்கள். சமூக அறிவியலில் நம்ம ஊரைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது படம் வரைந்தார்கள், எந்தப் பாட்டைப் பாடுகிறார்கள், என் பிள்ளை எந்த விஷயத்தில் கேள்வி கேட்கிறாள் என்று கேளுங்கள். ஆசிரியர் தடுமாறினால் கோபிக்காதீர்கள், அடுத்த மாதமும் கேளுங்கள். கேட்பார்கள் என்று தெரிந்தால் நாங்கள் செய்துவிடுவோம். என் அனுபவம் அது.

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து வகுப்பில் உட்காருங்கள். பின்னால் சுவரோரமாக, பாயில், பேசாமல். உங்கள் பிள்ளையை மட்டும் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையையும் பாருங்கள்.

உங்களிடம் இருப்பதைக் கொண்டுவாருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டைக் கொண்டுவந்தால் செங்குத்து என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. மடை திறக்கிறவர் வந்து கண்மாயில் தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டால் எத்தனை வயலுக்குப் பாயும் என்று சொன்னால் அதைவிட நல்ல அளவைப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நடவுப்பாட்டும் தாலாட்டும் தெரிந்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கூட்டிவாருங்கள்.

தொடக்கப் பள்ளிக்கும் ஓவியம், இசை, உடற்கல்விக்கு ஆள் வேண்டும், நான்கைந்து பள்ளிக்குச் சுற்றிவரும் ஒருவராவது வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். நம் தீர்மானங்கள் இப்போது செயலி வழியாக மேலே போகின்றன. சுவருக்கு ஒன்பது தடவை எழுதினோம், வந்தது. இதற்கும் ஒன்பது தடவை எழுதுவோம். 2024-ல் குழுவை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அவர்களில் பறை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கபடி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் வரும்வரைக்கும் வாரத்தில் ஒரு மாலை அவர்களைக் கேளுங்கள்.

பெரிய பள்ளியின் வேனில் ஏற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களிடமும் ஒரு வார்த்தை. அது உங்கள் விருப்பம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் முடிவெடுக்கும் முன்னால் அங்கேயும் இங்கேயும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். டை கட்டியிருக்கிறதா, வீட்டுப்பாடம் எத்தனை பக்கம் என்பதை வைத்து எடுக்காதீர்கள்.

எங்கள் பள்ளியில் அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. மழை தொடங்கியதிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் திங்கள்தோறும் கலிங்குப் பக்கம் போய்க் கண்மாயின் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள், பெரியவர் ஒருவர் துணையோடு. அந்த வரைபடத்தைப் பிள்ளைகளே குழுவுக்கு விளக்கப்போகிறார்கள். இரண்டாவது வாரத்தில் மழை பெய்தும் தண்ணீர் ஏன் இறங்கியது என்பதற்கு அவர்களிடம் மூன்று காரணம் இருக்கிறது; அதில் ஒன்று, நம்மில் ஒருவர் மடையைத் திறந்துவிட்டார் என்பது. பக்கத்து ஊர்க் குழுக்களும் வரலாம். 2 மணிக்கே வந்தால் வகுப்பில் உட்காரலாம், பாய் விரித்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
ஓர் ஈராசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.